பிய்ந்த தோசைக்கு ஒட்டு: தழும்பு எப்படி உருவாகிறது, எவ்வளவு மாற்ற முடியும்?

கல்லில் ஒட்டிக்கொண்ட தோசையைத் திருப்பும்போது நடுவில் பிய்ந்துவிட்டால், கரண்டி நுனியில் கொஞ்சம் மாவெடுத்துப் பொத்தலின்மேல் விடுவோம். இரண்டு நிமிடத்தில் பொத்தல் அடைந்துவிடும். தூக்கினால் கிழியாது. ஆனால் தட்டில் போட்டதும் ஒட்டுப் போட்ட இடம் காட்டிக்கொடுத்துவிடும். மற்ற இடங்களில் கரண்டி சுற்றிய வரி ஓடும், கண் கண்ணாக இருக்கும். ஒட்டில் வரியும் கிடையாது, கண்ணும் கிடையாது. வழவழவென்று, சற்றே தடித்து, வேறு நிறத்தில் இருக்கும்.

நம் தோலில் தழும்பு விழுவதும் இப்படித்தான். காயம் பட்ட உடம்புக்கு அழகைப் பற்றி யோசிக்க நேரமில்லை. ரத்தம் வெளியே போகக் கூடாது, கிருமி உள்ளே வரக் கூடாது. அதனால் கையில் கிடைத்த மாவை அவசரமாக ஊற்றி அடைக்கிறது. அந்த மாவுக்குப் பெயர் கொலாஜன். எவ்வளவு ஊற்றியது, எந்தச் சூட்டில் வெந்தது, வேகும்போது யார் இழுத்தார்கள் என்பதைப் பொறுத்தே தழும்பின் தோற்றம் அமைகிறது. அதை மாற்ற நமக்கிருக்கும் வழிகளும் இந்த மூன்றுக்குள்தான் வருகின்றன.

எல்லாக் காயமும் தழும்பாகாது

தோலுக்கு இரண்டு அடுக்கு. மேல்தோலின் கனம் உடம்பின் பெரும்பகுதியில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அதற்கடியில் இருக்கும் உள்தோல் பல மடங்கு தடிமனானது. ரத்தக் குழாய்கள், நரம்புகள், முடி வேர்கள், வியர்வைச் சுரப்பிகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. அவற்றைத் தாங்கி நிற்பவை கொலாஜன் நார்கள். ஒன்றின் குறுக்கே ஒன்றாக எல்லாத் திசைகளிலும் பின்னிக் கிடக்கும். அதனால்தான் எந்தப் பக்கம் இழுத்தாலும் தோல் கொடுத்து மீள்கிறது.

சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கை சிராய்த்தால் பெரும்பாலும் தழும்பு வராது. மேல்தோலும் அதன் அடியில் கொஞ்சமும்தான் போயிருக்கும். முடி வேர்கள் பிழைத்திருக்கும். அப்படிப்பட்ட சிராய்ப்பை நாலாவது, ஐந்தாவது நாள் உற்றுப் பாருங்கள். ஓரத்திலிருந்து மட்டுமல்லாமல், நடுவில் முடி வேர்களைச் சுற்றியும் புதுத் தோல் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். அந்தப் புள்ளிகள் பரவி ஒன்றோடொன்று சேர்ந்ததும் காயம் மூடிவிடும். சில மாதம் நிறம் மட்டும் மாறித் தெரியும்.

வெட்டோ தீயோ உள்தோலின் ஆழத்துக்கு இறங்கினால் கதை வேறு. வேர் போன இடத்தில் மறுபடி முடி முளைக்காது, வியர்வைச் சுரப்பியும் வராது. பழைய தழும்பின்மேல் முடி இல்லாததும் வியர்க்காததும் இதனால்தான்.

ஒட்டு விழும் வரிசை

வெட்டுப்பட்ட சில நிமிடங்களில் ரத்தத்திலுள்ள தட்டணுக்கள் ஓடிவந்து குவியும். ஃபைப்ரின் என்ற இழை அவற்றைக் கட்டி உறைய வைக்கும். மேலே காய்ந்து நிற்பது பொருக்கு. இது தற்காலிக அடைப்புதான்.

அடுத்த மூன்று முதல் ஐந்து நாள் காயம் சிவந்து, வீங்கி, சூடாக இருக்கும். வெள்ளணுக்கள் வந்து கிருமிகளையும் செத்த திசுக்களையும் அகற்றுகிற அழற்சிக் கட்டம் இது. பயப்பட வேண்டியதில்லை, இந்தச் சூடு தேவை. ஆனால் அடுப்பு அளவுக்கு மீறி எரிந்தால் ஒட்டு கெட்டுப்போகும். சீழ் பிடித்த காயம், மணலும் அழுக்கும் உள்ளே தங்கிய காயம், நகத்தால் திரும்பத் திரும்பச் சுரண்டிய பரு எல்லாம் வாரக்கணக்கில் சூடாகவே இருக்கும். அவற்றில் விழும் தழும்பு பெரிதாகவும் முரடாகவும் அமையும்.

மூன்றாம், நான்காம் நாளில் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் காயத்துக்குள் நுழைகின்றன. மாவு ஊற்றுவது இவைதான். கூடவே புது ரத்தக் குழாய்கள் நெருக்கமாக முளைப்பதால் காயத்தின் அடிப்பரப்பு செக்கச்செவேலென்று, தொட்டால் ரத்தம் கசிகிற மாதிரி இருக்கும். அது நல்ல அறிகுறி. சில செல்கள் தசைபோல் சுருங்கும் திறன் பெற்றுக் காயத்தின் ஓரங்களை உள்நோக்கி இழுக்கும். மூட்டின்மேல் பட்ட தீக்காயம் ஆறியபின் கை நீட்ட முடியாமல் மடங்கிக்கொள்வதற்கு இந்த இழுப்பும் ஒரு காரணம்.

சுமார் மூன்று வாரத்தில் ஊற்ற வேண்டிய மாவு ஊற்றியாகிவிடும். இந்தக் கொலாஜன் எல்லாத் திசைகளிலும் பின்னாமல், ஒரே வாக்கில் கற்றை கற்றையாகப் படுத்திருக்கும். ஒட்டில் வரியில்லை என்று சொன்னது இதைத்தான்.

தோசை உவமை இதுவரைதான் முழுதாகப் பொருந்தும். தோசையில் போட்ட ஒட்டு வெந்தவுடன் வேலை முடிந்தது. உடம்போ ஊற்றியதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு, வலுவான வேறு வகைக் கொலாஜனைப் போடத் தொடங்கும். இந்தத் திருத்த வேலை ஓராண்டு, சில சமயம் இரண்டாண்டு ஓடும். மூன்றாவது வாரத்தில் அந்த இடத்தின் வலு, நல்ல தோலின் வலுவில் கால் பங்குதான் இருக்கும். மூன்று மாதத்தில் 80 சதவீதத்தை நெருங்கும். அதற்குமேல் ஏறுவதில்லை.

அதன்பிறகும் பழைய கொலாஜன் போய்ப் புதியது சேர்வது அடியோடு ஓய்ந்துவிடுவதில்லை என்பதற்குப் பழைய சாட்சியம் ஒன்று இருக்கிறது. 1740-லிருந்து 1744 வரை ஆன்சன் தலைமையில் உலகைச் சுற்றிய பிரிட்டிஷ் கடற்படைப் பயணத்தில் மாலுமிகள் ஸ்கர்வி நோயால் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். 1690-ல் அயர்லாந்தின் பாய்ன் போரில் காயம்பட்ட ஒருவருக்கு, ஐம்பது ஆண்டுக்கு முன் ஆறிய புண் அந்தக் கப்பலில் மறுபடி திறந்துகொண்டதாக அந்தப் பயண நூல் பதிவு செய்கிறது. கொலாஜன் செய்ய வைட்டமின் சி வேண்டும். அது இல்லாமல் போனால் பழையது கரைய, புதியது சேராமல், ஒட்டு விட்டுப்போகும். காயம் ஆறும் காலத்தில் நெல்லிக்காயும் கொய்யாவும், கூடவே போதிய பருப்பும் முட்டையும் வேண்டும் என்று சொல்வது வெறும் பாட்டி வைத்தியம் அல்ல.

மாவு குறைந்தால், கூடினால், வழிந்தால்

ஊற்றிய மாவு குறைந்தால் பள்ளம் விழும். பருவும் அம்மையும் விட்டுப்போகும் குழிகள் இந்த வகை. அழற்சி உள்தோலைத் தின்றுவிட, அந்த இடத்தை நிரப்பப் போதிய கொலாஜன் வரவில்லை.

கூடினால் மேடு. காயம் ஆறி ஒன்றிரண்டு மாதத்தில் தழும்பு தடித்து, சிவந்து, அரிக்கும். ஆனால் காயத்தின் எல்லைக்குள்ளேயே நிற்கும். தடித்த தழும்பு என்று மருத்துவர்கள் சொல்லும் இது பல பேருக்கு ஓரிரு ஆண்டில் தானாகவே அமுங்கிவிடும்.

பொத்தலைத் தாண்டி நல்ல தோசைமேலும் மாவு வழிந்தால், அதுதான் கீலாய்டு. காயம் கடுகளவாக இருக்கும், தழும்போ நெல்லிக்காய் அளவுக்கு வளரும். தானாக அமுங்காது. காது மடல், நடு மார்பு, தோள், மேல்முதுகு, தாடை ஓரம் ஆகியவை இதற்குப் பிடித்த இடங்கள். வெள்ளைத் தோலினரைவிட நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கறுத்த தோலினருக்கும் அதிகம் வரும். 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் வருவதே மிகுதி. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

காது குத்துவது நமக்கெல்லாம் வீட்டு விசேஷம் என்பதால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 2005-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 11 வயதுக்கு முன் காது குத்தியவர்களைவிட அதன்பின் குத்தியவர்களுக்குக் கீலாய்டு கூடுதலாக வந்தது. குழந்தைப் பருவத்தில் தாய்மாமன் மடியில் வைத்துக் குத்துவதில் இப்படியும் ஒரு சாதகம் இருக்கிறது. கல்லூரிக் காலத்தில் ஆசைக்காக இரண்டாவது, மூன்றாவது துளை போடும்போதுதான் ஆபத்து. ஏற்கெனவே உடம்பில் எங்காவது கீலாய்டு உள்ளவர்கள் புதுத் துளையும் பச்சை குத்துவதும் வேண்டாம்.

யார் இழுக்கிறார்கள்?

ஒட்டு வேகும்போது தோசையை இரு பக்கமும் பிடித்து இழுத்தால் ஒட்டு அகலும். தோல் எப்போதும் இழுபட்டே இருக்கிறது. 1830-களில் பாரிஸ் அறுவை மருத்துவர் துப்பூய்த்ரன், உருண்டைக் கூருள்ள ஊசியால் தன்னைத்தானே குத்திக்கொண்ட ஒருவரின் உடலில் காயங்கள் வட்டமாக இல்லாமல் நீண்ட பிளவாக இருந்ததைக் கவனித்தார். 1861-ல் வியன்னாவின் உடற்கூறியல் பேராசிரியர் கார்ல் லாங்கர், பிணங்களின் தோலில் அதேபோல் வரிசையாகத் துளையிட்டு, ஒவ்வொரு இடத்திலும் தோல் எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று வரைபடம் போட்டார். அந்தக் கோடுகளின் வாக்கில் கீறினால் தழும்பு மெல்லிய கோடாக அமையும், குறுக்கே கீறினால் அகலும். அறுவை மருத்துவர்கள் இன்றும் இந்த வகைக் கோடுகளைப் பார்த்தே கத்தி வைக்கிறார்கள். மார்பிலும் தோளிலும் தழும்பு தடிப்பதற்கு மூச்சும் கையசைவும் ஓயாமல் அந்தத் தோலை இழுப்பது ஒரு முக்கியக் காரணம்.

கல்லில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

மலிவான, பலன் அதிகமான வேலைகள் எல்லாம் ஆரம்பத்தில்தான் இருக்கின்றன.

கழுவுங்கள். ஓடும் குழாய்த் தண்ணீரில் மணலும் அழுக்கும் போகும்வரை கழுவினால் போதும். காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம். தூள் உள்ளே தங்கினால் அழற்சி நீளும். சுண்ணாம்பு தோலையே அரிக்கும். தீக்காயம் என்றால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். ஐஸ், பேனா மை, பற்பசை, இட்லி மாவு எதுவும் கூடாது. மாவு தோசைக்கு மட்டும்தான்.

மூடி வையுங்கள். ஒட்டு வேகும்போது மூடி போட்டால் ஆவியில் பதமாக வேகும், திறந்து வைத்தால் காய்ந்து வெடிக்கும். ‘காத்தாட விடு, சீக்கிரம் ஆறும்’ என்ற நம்பிக்கையை 1962-ல் ஜார்ஜ் விண்டர் என்பவரின் ஆய்வு கவிழ்த்துப் போட்டது. இளம் பன்றிகளின் தோலில் ஏற்படுத்திய மேலோட்டமான காயங்களில் சிலவற்றைப் பாலிதீன் படலத்தால் மூடினார், சிலவற்றைத் திறந்து விட்டார். மூடிய காயங்களில் மேல்தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் படர்ந்தது. கெட்டியான பொருக்குக்கு அடியில் குடைந்துகொண்டு போக வேண்டிய வேலை செல்களுக்கு இல்லாமல் போனதே காரணம். தினமும் கழுவி, பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிசாகத் தடவி, கட்டுப் போட்டால் சிறு காயங்களுக்கு அதுவே போதும்.

தையலைக் காலத்தில் பிரியுங்கள். முகத்தில் சுமார் 5 நாள், உடம்பிலும் கை கால்களிலும் 7 முதல் 14 நாள். முகத்தில் அதிக நாள் விட்டால் நூல் போன இடமெல்லாம் தனித் தழும்பாக நிற்கும். பிரித்த பிறகு தழும்பின்மேல் காகிதப் பிளாஸ்திரியை மூன்று மாதம் வரை தொடர்ந்து ஒட்டி வந்தால் இழுப்பு குறையும். சிசேரியன் தழும்புக்கும் இது உதவும்.

தோல் முழுதாக மூடியதும் சிலிகான். தகடாகவும் களிம்பாகவும் கிடைக்கிறது. தகடு என்றால் தினம் 12 மணி நேரத்துக்கு மேல், குறைந்தது இரண்டு மூன்று மாதம் ஒட்டியிருக்க வேண்டும். ஈரம் வெளியேறாமல் தடுப்பதால், மாவு ஊற்றும் செல்களின் வேகம் தணிவதாகக் கருதப்படுகிறது. மூடியின் வேலைதான் இதுவும். ஒரு வாரம் தடவிவிட்டுக் குழாயை அலமாரியில் வைத்தால் பலன் எதிர்பார்க்க முடியாது.

வெயிலிலிருந்து காப்பாற்றுங்கள். நம் தோலில் தழும்பின் உருவத்தைவிட அதன் கறுப்புதான் பலரை வாட்டுகிறது. அழற்சியே நிறமி செல்களைத் தூண்டிவிட்டிருக்கும். வெயிலும் சேர்ந்தால் கருகல் நிச்சயம். முழுக்கைச் சட்டை, துப்பட்டா, அல்லது எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன். கறுப்பு மறைய ஓராண்டுகூட ஆகலாம். அவசரப்பட்டு, மருந்துச் சீட்டில்லாமல் கடையில் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த ‘சிவப்பழகு’ களிம்புகளைத் தடவினால் தோல் மெலிந்து, முகத்தில் பருவும் முடியும் வந்து, தழும்பைவிடப் பெரிய தொல்லையாகிவிடும்.

தீக்காயத்துக்குத் தனியாக ஒரு கணக்கு. மூன்று வாரத்துக்குள் மூடிவிட்டால் தடித்த தழும்பு வரும் வாய்ப்பு குறைவு. தாண்டினால் மிக அதிகம். அதனால்தான் ஆழமான தீக்காயத்துக்கு மருத்துவர்கள் காத்திருக்காமல் தோல் ஒட்டு வைக்கிறார்கள். பிறகு மாதக்கணக்கில், குளிக்கும் நேரம் தவிர நாள் முழுதும், இறுக்கமான அழுத்த உடை அணியச் சொல்வார்கள். புழுக்கமான நம் ஊரில் அது பெரும்பாடுதான். ஆனாலும் பாதியில் விட வேண்டாம்.

வெந்து முடிந்த ஒட்டை என்ன செய்யலாம்?

பழைய தழும்பைத் திருத்தும் முறைகள் பெரும்பாலும் ஒரே அடிப்படையில் இயங்குகின்றன. கூடிப்போன மாவைக் குறைப்பது, அல்லது அளவாகப் புதுக் காயம் செய்து மறுபடி நன்றாக ஊற்ற வைப்பது.

மேட்டுக்கும் கீலாய்டுக்கும் முதல் ஆயுதம், தழும்புக்குள்ளேயே போடும் டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, பல தடவை போட வேண்டியிருக்கும். வலிக்கும். சுற்றுத்தோல் வெளுக்கலாம், குழி விழலாம். ஆனால் அரிப்பும் தடிப்பும் பெரும்பாலோருக்கு நன்றாகக் குறையும். 5-ஃப்ளூரோயூராசில் ஊசியைச் சேர்த்துப் போடுவதும், திரவ நைட்ரஜனால் உறைய வைப்பதும் அடுத்த படிகள். கீலாய்டை வெட்டி மட்டும் எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வளரும், சில சமயம் முன்பைவிடப் பெரிதாக. வெட்டியதும் ஊசியோ, குறைந்த அளவு கதிர்வீச்சோ, காதென்றால் அழுத்தக் கம்மலோ சேர வேண்டும்.

பருக்குழிகளில் மூன்று வகை உண்டு. ஊசியால் குத்தினாற்போல் ஆழமானவை, செங்குத்து ஓரமுள்ள அகலக் குழிகள், அலையலையாய் அமுங்கியவை. முதல் வகைக்குக் குழிக்குள் மட்டும் செறிவான டிசிஏ அமிலம் தொடுவார்கள். மூன்றாவதுக்கு, அடியில் இழுத்துப் பிடித்திருக்கும் நார்களை ஊசியால் அறுத்து விடுவார்கள். நுண்ணூசி உருளையும் ஃபிராக்‌ஷனல் லேசரும் நூற்றுக்கணக்கான நுண்காயங்கள் செய்து புதுக் கொலாஜனைத் தூண்டுபவை. ஒரே தடவையில் முடியாது, பல முறை போக வேண்டும். மாநிறத் தோலில் லேசரே கறுப்பை உண்டாக்கக்கூடும். ஆகவே நம் தோலில் அனுபவமுள்ள தோல் மருத்துவரிடம்தான் செய்துகொள்ள வேண்டும். பரு இன்னும் வந்துகொண்டிருந்தால் முதலில் அதை அடக்க வேண்டும்.

மூட்டை மடக்கிப் பிடித்த தழும்புக்கு அறுவைதான் வழி. இசட் வடிவில் கீறி, தோல் மடல்களை இடம் மாற்றி, இழுக்கும் திசையையே திருப்பிவிடுவார்கள். இது அழகுக்கான அறுவை அல்ல, கை கால் வேலை செய்வதற்கானது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுகளில் இந்தச் சிகிச்சை நடக்கிறது.

எதில் காசை விரயம் செய்ய வேண்டாம்?

வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தடவுவது பலரின் பழக்கம். 1999-ல் வெளியான ஒரு சிறு ஆய்வில், அறுவைத் தழும்பின் ஒரு பாதிக்கு வைட்டமின் ஈ கலந்த களிம்பும் மறுபாதிக்குச் சாதாரணக் களிம்பும் தடவிப் பார்த்தார்கள். தோற்றத்தில் ஆதாயம் தெரியவில்லை. மூன்றில் ஒருவருக்குத் தோல் ஒவ்வாமை வந்ததுதான் மிச்சம். வெங்காயச் சாறு கலந்த களிம்புகளுக்கும் சான்று பலமாக இல்லை. தேங்காய் எண்ணெய் போட்டுத் தினம் சில நிமிடம் அழுத்தித் தேய்ப்பது, ஆறிய தழும்பின் இறுக்கத்தையும் அரிப்பையும் தணிக்கலாம். அதைச் செய்வது எண்ணெயைவிடக் கை அழுத்தம்தான்.

தழும்பை மங்க வைக்கலாம், தட்டையாக்கலாம், மெல்லிய கோடாக்கலாம். அடியோடு அழிக்கும் வழி இன்றுவரை மருத்துவத்தில் இல்லை. அழிப்பதாகச் சொல்லும் விளம்பரத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். காயம் மூடிய தேதியைக் குறித்து வைத்து, மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் கைப்பேசியில் படம் எடுங்கள். தட்டையாகி மங்கிக்கொண்டு வந்தால் ஓராண்டு பொறுங்கள். தடிப்பும் அரிப்பும் கூடினாலோ, தழும்பு காயத்தின் எல்லையைத் தாண்டினாலோ, மூட்டை இழுத்தாலோ ஒரு நாளும் காத்திருக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். கடலை அளவில் இருக்கும் கீலாய்டுக்குச் சில ஊசிகள் போதும். அதுவே எலுமிச்சை அளவுக்கு வளர்ந்துவிட்டால் அறுவை, ஊசி, கதிர்வீச்சு என்று அலைய வேண்டியிருக்கும்.